நாலு மில்லிமீற்றர் அலன் கீ: என் மியாட்டாவுக்கு ஹோக் எச்பிஎஸ் பிரேக் பாட்

குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த காரை மே மாதம் வெளியே எடுத்து மூன்றாம் நாள். எங்கள் தெரு முடக்கில் பிரேக்கை மிதித்தபோது முன் வலது சில்லிலிருந்து தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. காலை எடுத்தால் நின்றது, மிதித்தால் திரும்ப வந்தது. பக்கத்தில் இருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டாள். சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அமுக்கி நிறுத்துவது பிரேக் பாட். அதன் ஓரத்தில் சின்னத் தகர நாக்கு ஒன்று இருக்கும். பாட் தேய்ந்து இரண்டு, மூன்று மில்லிமீற்றர் மிஞ்சும்போது அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அந்தக் கத்தலைக் கேட்டும் கேளாதது போல ஓடினால், அடுத்ததாக இரும்பும் இரும்பும் அரைபட்டு டிஸ்க்கும் போய்விடும்.

கார் 2003ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. இங்கே ரொறன்ரோப் பக்கம் எல்லோரும் மியாட்டா என்றுதான் சொல்வார்கள். 1.8 லீற்றர் இயந்திரம், ஐந்து கியர், துணிக்கூரை, இரண்டே இருக்கை. எடை ஆயிரம் கிலோவை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்த எடைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாட் தெரிவு செய்யும்போது அது பெரிய விஷயம். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கார்க் கண்காட்சியில் முதன்முதல் காட்டிய கார் இது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளியே வந்தது. அவ்வளவு ஓடுவதால் இருபது வயது தாண்டிய காருக்கும் சாமான் தட்டுப்பாடு இல்லை. நான் இதை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் ஒரு கராஜுக்குத்தான் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். ஒரு மணித்தியாலம் கழித்து அங்கிருந்தவர் வந்து சொன்னார்: "அண்ணை, முன் பாட் முடிஞ்சுது. பின்னுக்குப் பிஸ்டன் ரெண்டும் இறுகிப் போச்சு. கிளாம்ப் போட்டு அமத்திப் பாத்தம், உள்ள போகுதில்லை. ரெண்டு கலிப்பரும் மாத்தத்தான் வேணும்." கலிப்பர் என்றால் பாட்டுகளை டிஸ்க்கில் அமுக்கும் இரும்புப் பிடி, பிஸ்டன் அதற்குள்ளிருந்து பாட்டைத் தள்ளும் உருளை. எல்லாமாக ஆயிரம் டொலருக்குக் கிட்ட வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் மொன்றியலில் இருக்கிற என் மச்சானுக்கு எடுத்தேன். அவன் முன்பு இதே மாதிரிக் கார் வைத்திருந்தவன். கதையைச் சொல்லி முடிக்க முதலே இடைமறித்தான். "தள்ளாதை. அது தள்ளுற பிஸ்டன் இல்லை. கலிப்பருக்குப் பின்னால ஒரு போல்ட் இருக்கும், அதைக் கழட்டிப் பார். உள்ளுக்கு நாலு மில்லிமீற்றர் அலன் கீ போகும். சுத்து." அலன் கீ என்பது ஆறு மூலைக் குழிக்குள் விட்டுத் திருகும் வளைந்த சாவி. மச்சானின் அந்த ஒரு வசனம் எனக்கு இரண்டு கலிப்பர்களின் காசை மிச்சம் பிடித்துத் தந்தது. இதை நான் இங்கே எழுதுவதும் அதற்காகத்தான்.

சாமான் எடுக்க முதல் ஒரு எச்சரிக்கை. இந்தத் தலைமுறை மியாட்டாவில் எல்லாக் காருக்கும் ஒரே அளவு பிரேக் இல்லை. சாதாரணக் காரில் முன் டிஸ்க்கின் விட்டம் 255 மில்லிமீற்றர், பின் டிஸ்க் 251. 2001க்குப் பிறகு வந்த சில கார்களில் பெரிய பிரேக் போட்டிருக்கிறார்கள். அதில் முன் 270, பின் 276. முன் பாட் இரண்டுக்கும் வேறு வேறு. வருடத்தையும் மொடலையும் மட்டும் பார்த்து எடுத்தால் தவறான பெட்டி வீடு வந்து சேரும். சில்லைக் கழற்றி அளவுநாடாவை டிஸ்க்கின் குறுக்கே பிடித்துப் பாருங்கள். 255க்கும் 270க்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம், நாடாவிலேயே தெரியும். என்னுடையது 255.

அப்புறம் எந்தப் பாட் என்ற கேள்வி. எனக்கு முன்பு வைத்திருந்தவர் போட்டிருந்தது பெயர் தெரியாத மலிவுப் பாட். அதன் பின்தகட்டில் நீண்ட இலக்கத்தோடு கடைசியில் ஈ, எஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருந்தன. அந்த இரண்டு எழுத்துத்தான் பாட்டின் சாதகம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது நல்ல சூடேறிய பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பது. ஈ என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடியின் அளவு, 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. வீட்டிலிருந்து வேலைக்கும் கடைக்கும் ஓடும் காருக்கு முதல் எழுத்துத்தான் முக்கியம். ஏனென்றால், பிள்ளை ஒன்று பந்துக்குப் பின்னால் தெருவுக்கு ஓடி வரும்போது உங்கள் பிரேக் குளிர்ந்துதான் இருக்கும். பந்தயப் பாட் வாங்கித் தெருவில் ஓடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் நன்றாகச் சூடேறினால்தான் முழுசாகப் பிடிக்கும்.

நான் எடுத்தது ஹோக் என்ற பாட் கொம்பனியுடையது. அதில் பல வகை உண்டு. எச்பிஎஸ் தெருவில் ஓடுவதற்கு, எச்பி பிளஸ் தெருவும் ஓட்டப்பாதையும் கலந்து ஓடுகிறவர்களுக்கு, டிடிசி என்று தொடங்குபவை முழுக்கப் பந்தயத்துக்கு. என் நண்பர் ஒருவர் கோடையில் மொஸ்போர்ட் ஓட்டப்பாதைக்குப் போகிறவர். அவர் அங்கே போகும்போது பாட்டை மாற்றிவிட்டுத்தான் போவார். நான் அங்கே போவதில்லை. ஆயிரம் கிலோச் சொச்சம் எடையுள்ள காரை நிறுத்துவதற்குப் பெரிய சூட்டைத் தாங்கும் கலவை தேவையில்லை, குளிரிலும் பிடிக்கிற கலவைதான் தேவை. அதனால் எச்பிஎஸ். முன்னும் பின்னும் ஒரே கலவை எடுத்தேன். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று கலந்து போட்டால், முன்பின் சமநிலை மாறி, மழையில் பின் சில்லு முதலில் பூட்டிக்கொள்ள இடமுண்டு. அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். ஒன்ராறியோவின் 13 சதவீத வரியோடு இரண்டு பெட்டிக்கும் 250 டொலர் அளவில் முடிந்தது.

பெட்டியில் இன்னொன்றையும் பார்க்கப் பழகுங்கள். வட அமெரிக்காவில் விற்கும் பாட் பெட்டிகளில் மூன்று இலை போட்ட ஒரு அடையாளம் இருக்கும். மூன்று இலையும் நிரம்பியிருந்தால் அந்தப் பாட்டில் செம்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பிரேக் தூசியில் உள்ள செம்பு மழையோடு ஆற்றுக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்பதால் வாஷிங்டன் மாநிலம் 2010இல் சட்டம் போட்டது, கலிபோர்னியாவும் போட்டது. எங்கள் ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக்கில் ஒவ்வொரு இலையுதிர் காலமும் சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். தெருவில் கொட்டும் தூசி அங்கேதான் போகிறது என்று தெரிந்த பிறகு அந்த இலையைப் பார்க்காமல் பாட் வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

வேலைக்கு ஒரு சனிக்கிழமை விடிய எட்டு மணிக்கு இறங்கினேன். சாமான் பெரிதாக ஒன்றுமில்லை: ஜக், இரண்டு ஜக் ஸ்டாண்ட், 21க்கும் 14க்கும் சொக்கட், டோர்க் ரெஞ்ச், ஒரு ஜி கிளாம்ப், கம்பி பிரஷ், அரம், பிரேக் கிளீனர் இரண்டு டின், பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிறீஸ், அந்த நாலு மில்லிமீற்றர் அலன் கீ. பிஸ்டனைச் சுற்றித் தள்ளும் கருவிப் பெட்டி ஒன்றையும் முன்னமே வாங்கி வைத்திருந்தேன். மற்றக் கார்களுக்கு உதவும், இந்தக் காருக்கு அது வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீர்கள். ஸ்டாண்டில் இருத்தி, காரைக் கையால் ஆட்டிப் பார்த்து, கழற்றிய சில்லையும் காரின் அடியில் படுக்க வைத்துவிடுவேன். முகமூடி போட்டுக்கொண்டேன். எங்கள் அப்பா ஊரில் லொறிகளுக்குப் பிரேக் லைனிங் அடித்தவர். ட்ரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித்தான் தூசியைப் போக்குவார். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. கனடாவில் அது முழுதாகத் தடையானதே 2018 டிசம்பர் 30இல்தான். பழைய காரில் எவர் எந்தப் பாட்டைப் போட்டிருப்பார் என்று தெரியாது. ஊதாமல், கிளீனரை அடித்து ஈரமாகவே துடைத்தேன்.

முன் பக்கம் இலகு. கலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் கலிப்பர் கதவு போல மேலே தூக்கிக்கொள்ளும். அதை ஒரு கம்பியால் சுருள்வில்லில் கட்டிவிட வேண்டும், ரப்பர் குழாயில் தொங்க விடக்கூடாது. பழைய பாட்டுகளின் மேல் துளைகளில் 'எம்' போல மடிந்த மெல்லிய வில்லுக் கம்பிகள் இரண்டு செருகியிருக்கும், அவை பாட்டுகளை டிஸ்க்கிலிருந்து விலக்கி வைப்பவை. கழற்றும்போது துள்ளிப் புல்லுக்குள் போய்விடும், கையால் பொத்திப் பிடித்து எடுங்கள்.

பாட்டை வெளியே எடுத்து அளந்தபோதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. வலது பக்கம் பிஸ்டனோடு இருந்த உள் பாட் 2.5 மில்லிமீற்றர். அதே டிஸ்க்கின் வெளிப்பக்கத்துப் பாட் 5 மில்லிமீற்றர். இடது பக்கம் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஒரு டிஸ்க்கை இரண்டு பக்கத்தாலும் பிடிக்கும் இரண்டு பாட்டில் ஒன்று மட்டும் இவ்வளவு கூடத் தேய்ந்தால் பாட்டில் குற்றமில்லை. கலிப்பர் அசையவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கலிப்பரில் ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள் பாட்டைத் தள்ளும்போது, அந்தத் தள்ளலின் எதிர்விசையில் முழுக் கலிப்பரும் இரண்டு கம்பிகளில் வழுக்கி வந்து வெளிப் பாட்டை இழுத்து அமுக்க வேண்டும். அந்தக் கம்பிகளில் கிறீஸ் காய்ந்து கறள் பிடித்தால் வெளிப் பாட் சும்மா இருக்கும், உள் பாட் தனியாக உழைக்கும். வீதியில் உப்புக் கொட்டும் நாட்டில் இருபது வருடம் ஓடிய காரில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். என் வலது பக்கக் கீழ்க் கம்பியை வெளியே எடுக்க இருபது நிமிடம் பிடித்தது. கறள் இளக்கும் ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி எடுத்தேன். மண்ணிறமாக, பசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

அன்றைய நாளில் அதிக நேரம் போனது இந்த இடத்தில்தான், போகவும் வேண்டும். கம்பிகளைப் பிரஷ்ஷால் தேய்த்து மினுங்க வைத்தேன். துளைகளுக்குள் கிளீனர் அடித்து, துணியைச் சுருட்டி விட்டு எடுத்தேன், மூன்றாம் முறைதான் துணி வெள்ளையாக வந்தது. சிலிக்கோன் கிறீஸ் மெல்லிதாகப் பூசி, ரப்பர் உறையோடு திரும்பப் போட்டேன். சாதாரண பெற்றோலியக் கிறீஸ் போடாதீர்கள், அது ரப்பரை ஊத வைத்துக் கம்பியை இன்னும் இறுக்கும். பிறகு பாட்டின் காதுகள் உட்காரும் இடம். அங்கே இருக்கும் தகடுகளைக் கழற்றினால் அடியில் கறள் பொருக்குக் கட்டியிருக்கும். தகட்டை அது உள்ளே தள்ளும், பாட் இறுகும். அரத்தால் வெறும் இரும்பு தெரியுமட்டும் தேய்த்தேன். புதிய பாட்டைக் கையில் வைத்து அந்த இடத்தில் விட்டால், சுத்தியல் இல்லாமல், இரண்டு விரலால் தள்ள ஓட வேண்டும். ஓடாவிட்டால் இன்னும் தேயுங்கள். பாட் எவ்வளவு நல்ல கொம்பனியுடையது என்றாலும் அது அசைய இடமில்லாவிட்டால் காசு வீண். பாட் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே திரும்பச் சத்தம் வருகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்தக் கம்பிகளை வெளியே எடுத்தீர்களா என்பதுதான்.

டிஸ்க்கை அளந்தேன். ஆகக் குறைந்த தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையது அதற்கு மேலேயே இருந்தது, பள்ளமும் இல்லை. சாண்ட் பேப்பரால் பழைய பாட்டின் படிவை மட்டும் எடுத்தேன். பிரேக் ஒயில் போத்தலின் மூடியைத் திறந்து, சுற்றித் துணி வைத்து, ஜி கிளாம்பால் முன் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன். ஒயில் வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்டைத் தின்றுவிடும்.

இனிப் பின் பக்கம். கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, முன் சில்லுக்குக் கட்டை வைத்தேன். மகள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். கைப்பிரேக் இந்தக் கலிப்பருக்குள்ளேயே வேலை செய்கிறது. அதற்காகப் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. பாட் தேயத் தேயப் பிஸ்டனை முன்னுக்கு வைத்திருப்பது அந்தத் திருகுதான். நீங்கள் முன்பக்கத்திலிருந்து கிளாம்ப் போட்டு அமத்தினால் அந்தத் திருகின் பற்களைத்தான் அமத்துகிறீர்கள். அது அசையாது. பலத்தைக் கூட்டினால் உடையும். கராஜில் "இறுகிப் போச்சு" என்று சொன்னது இதைத்தான்.

கலிப்பரின் பின்புறத்தில், காரின் நடுவைப் பார்த்தபடி, 14 மில்லிமீற்றர் தலையோடு ஒரு போல்ட் இருக்கிறது. பிரேக் ஒயில் குழாய் வந்து சேரும் போல்ட் வேறு, அதைத் தொடவே கூடாது. இது வெறும் மூடி. கழற்றினால் ஒயில் வராது. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் ஆறு மூலைக் குழி தெரியும். அலன் கீயை மகளிடம் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம், அப்பா?"

"கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம், பிள்ளை. மெதுவா."

முதல் கால் சுற்றுக்கு இறுக்கமாக இருந்தது. பிறகு இளகியது. அவள் சுற்றச் சுற்ற நான் மறுபக்கத்தில் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல், வெண்ணெய்க்குள் போவது போல, அது உள்ளே போனது. இறுகிப்போன பிஸ்டன் என்று ஆயிரம் டொலர் கேட்ட அதே பிஸ்டன். அவள் எழுந்து மறுபக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா மாத்த வேணும் எண்டவை?" என்றாள். எனக்கும் அதே கோபம்தான் இருந்தது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் தெரியாத காரில் பலத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அசையவில்லை என்பதற்காகப் புதிது வாங்கச் சொல்வது சரியில்லை. இதே காரை வைத்திருக்கும் எத்தனை பேர் சுகமான கலிப்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதற்குக் காசு கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கலிப்பர் உண்மையிலேயே சுகமாக இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிய ரப்பரில் கிழிசல், ஒயில் ஈரம் இருக்கக்கூடாது. கைப்பிரேக் கேபிள் இழுக்கும் நெம்புகோலைக் கையால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்பி முழுதாக இருப்புக்கு வர வேண்டும். உப்பில் ஓடிய காரில் அந்த நெம்புகோல் இறுகி, பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருப்பதுண்டு. அப்படியிருந்தால் கலிப்பர் மாற்றத்தான் வேண்டும். என்னுடையது இரண்டு பக்கமும் துள்ளித் திரும்பியது.

புதிய பாட்டைப் போட்டுக் கலிப்பரை இறக்கிய பிறகு அதே அலன் கீக்கு இரண்டாவது வேலை உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கீயைக் கடிகாரப் பக்கமாகச் சுற்றி, பாட் டிஸ்க்கைப் பிடித்து, டிஸ்க்கைக் கையால் சுற்ற முடியாமல் வருமட்டும் இறுக்க வேண்டும். அங்கிருந்து ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பின்னுக்கு விட வேண்டும். மூடிப் போல்ட்டைப் போட்டுவிடலாம். இதைச் செய்யாவிட்டால் பிரேக் மிதி தளர்ந்து போயிருக்கும், கைப்பிரேக் இழுத்துக்கொண்டே வரும். இரண்டாவது பக்கத்தை மகளே தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்தாள். முடிந்ததும் கைப்பிரேக் ஆறாவது கிளிக்கில் பிடித்தது. 5 முதல் 7 வரை இருந்தால் சரி.

சில்லு நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக 100 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். இனி வரும் வசனத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்: காரை ஸ்டார்ட் பண்ணி அசைக்க முதல் பிரேக் மிதியைப் பல தரம் மிதித்து அது கட்டியாக வருமட்டும் பொறுங்கள். பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருக்கிறோம். முதல் மிதிகள் நிலத்துக்குப் போகும், கார் நிற்காது. வீட்டு வாசலில் இருந்து பின்னுக்கு எடுத்துத் தெருவுக்குள் போய்விட்டு இதை அறிந்துகொள்ளக்கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்கு ஸ்காபரோ வடக்கில் தொழிற்சாலைகள் நிற்கும் ஆளில்லாத வீதிக்குப் போனேன். புதிய பாட்டைப் பழக்குவதற்கு ஹோக் சொல்லும் முறை எளிது. மணிக்கு 55 கிலோமீற்றர் அளவிலிருந்து மிதமாக மிதித்து ஆறு முதல் பத்துத் தரம் நிறுத்த வேண்டும். பிறகு 65, 70 அளவிலிருந்து இரண்டு மூன்று தரம் பலமாக. அந்த மூன்றையும் மார்க்கம் தாண்டி 80 வேக எல்லை உள்ள கிராமத்து வீதியில் செய்தேன். மிதித்தபடியே இழுத்துக்கொண்டு போகக்கூடாது. முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஆற விட வேண்டும். முதல் இரண்டு மிதியில் பிடி மந்தமாகத்தான் இருந்தது. ஐந்தாவதிலிருந்து காலுக்குக் கீழே ஏதோ கெட்டியாவது தெரிந்தது. பத்தாவதில் மெல்லிய எரிந்த வாசம் வந்தது. டிஸ்க்கில் சாம்பல் நிறப் படிவு சீராக ஏறியிருந்தது. இந்தப் படிவு டிஸ்க்கில் ஒட்டுவதுதான் பழக்குவதன் முழு நோக்கமும்.

இப்போது செப்டெம்பர். நாலாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. எனக்கு இந்தப் பாட்டில் ஆகப் பிடித்தது விடியக்காலை முதல் மிதி. எட்டுப் பத்துப் பாகை குளிரில், பனியில் நனைந்த டிஸ்க்கோடு தெரு முடக்குக்கு வரும்போது, சாதாரணமாகக் கால் வைத்தால் சாதாரணமாக நிற்கிறது. பழைய பாட்டில் முதல் மிதிக்கு ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கும், பிறகு திடீரென்று பிடிக்கும். இதில் அந்த இடைவெளி இல்லை. காலால் எவ்வளவு கேட்கிறேனோ அவ்வளவு தருகிறது. கியர் குறைத்து வளைவுக்குள் விடும்போது, பிரேக்கை மெல்ல மெல்ல விட்டபடி திரும்பும் சுகத்துக்காகத்தான் இப்படிப்பட்ட காரை வைத்திருக்கிறோம். அந்த விடுதலில் பாட் ஒட்டிப் பிடித்து இழுக்கக்கூடாது. எச்பிஎஸ் அதில் மிக நன்றாக இருக்கிறது.

கலிடனில் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிற் வீதி என்று ஒன்று உண்டு. ஆற்றோரமாக இறங்கி, ஒரு இடத்தில் ஊசிக்கொண்டை போல வளையும். ஓகஸ்டில் 30 பாகை வெய்யிலில் கூரையைத் திறந்துவிட்டு அங்கே மூன்று தரம் ஏறி இறங்கினோம். வேக எல்லைக்குள்தான். கடைசி இறக்கத்திலும் மிதி முதல் இறக்கத்தில் இருந்த அதே உயரத்தில் நின்றது. பாட்டுக்கு மட்டும் அந்தப் புகழைக் கொடுக்க மாட்டேன். போன வருடம் பிரேக் ஒயிலை முழுக்க மாற்றியிருந்தேன். ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுக்க இழுக்கக் கொதிநிலை குறையும். டொட் 3 வகை புதிதாக ஆகக் குறைந்தது 205 பாகை வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. பாட் மாற்றுபவர்கள் ஒயிலின் வயதையும் ஒருமுறை யோசியுங்கள்.

யாருக்கு வேண்டாம்? ஓட்டப்பாதைக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம், அவர்களுக்கு அந்தக் கொம்பனியே வேறு பாட் வைத்திருக்கிறது. சில்லு எப்போதும் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பவர்கள் செராமிக் வகையைப் பார்க்கலாம். பொதுவாக உலோகம் கலந்த பாட்டுகளை விட அதில் கறுப்புத் தூசி குறைவு. வேலைக்கும் போய், சனி ஞாயிறில் நல்ல வீதி தேடியும் போகிற லேசான காருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். சில்லைக் கழற்றத் தெரிந்த எவரும், ஸ்டாண்டை ஒழுங்காக வைத்து, ஒரு முழு நாளை ஒதுக்கினால் வீட்டிலேயே செய்யலாம். எங்களுக்கு எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை பிடித்தது. அதில் பாதி நேரம் கறளோடு போனது.

போன கிழமை நாலு சில்லையும் கழற்றி அளந்து பார்த்தேன். வலது முன் பக்கம் உள் பாட்டும் வெளிப் பாட்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன, அளவுகோலில் வித்தியாசமே தெரியவில்லை. ஒக்டோபர் கடைசியில் காரைத் திரும்ப மூடுவேன். கைப்பிரேக் இழுக்காமல், முதல் கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்துத்தான். ஐந்து மாதம் ஈரத்தில் பாட் டிஸ்க்கோடு ஒட்டிவிட்டால் ஏப்ரலில் பிடுங்கி எடுக்க வேண்டி வரும். அலன் கீ இப்போது காரின் சின்னப் பெட்டிக்குள், காப்புறுதிக் கடதாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள்தான் அங்கே வைத்தாள்.